நாய்ப் பார்வோவைரசு நோய்

நாய்ப் பார்வோவைரசு நோய் என்பது நாய்களின் குடலைத் தாக்கும் கொடிய தொற்றுநோய் ஆகும். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான குட்டிகளே இதனால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றன. வாந்தியும் குருதி கலந்த கழிச்சலும் இதன் முதன்மை அறிகுறிகள். சிகிச்சை பெறாத குட்டிகளுள் பெரும்பாலானவை இறந்துவிடும். உரிய காலத்தில் தீவிர சிகிச்சை பெறுபவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

வரலாறு

இந்நோய் 1978 ஆம் ஆண்டில் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டறியப்பட்டது. பூனைகளைத் தாக்கும் பார்வோவைரசிலிருந்தோ அதற்கு மிக நெருங்கிய ஒன்றிலிருந்தோ இவ்வைரசு தோன்றியதாகக் கருதப்படுகிறது. எந்த நாய்க்கும் இதற்கான எதிர்ப்பாற்றல் இல்லாமையால், ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1980களின் தொடக்கத்தில் சென்னையில் பதிவானது. முதலில் தோன்றிய வகையின் இடத்தை 2ஏ, 2பி ஆகிய திரிபுகள் பிடித்தன. 2சி எனும் திரிபு 2000 ஆம் ஆண்டில் இத்தாலியில் அறியப்பட்டது.

பரவல்

நோயுற்ற நாயின் மலத்தில் வைரசு பெருமளவில் வெளியேறுகிறது. அது பட்ட மண், தட்டு, செருப்பு, மனிதரின் கை ஆகியவற்றின் வழியே பிற நாய்களை அடைகிறது. எனவே வீட்டை விட்டு வெளியே செல்லாத குட்டிக்கும் நோய் வரலாம். சாதகமான சூழலில் இவ்வைரசு பல மாதங்கள் அழியாதிருக்கும். இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை முதலிய நாட்டு இன நாய்களும் இதற்கு விலக்கல்ல.

அறிகுறிகள்

வைரசு உட்புகுந்த மூன்று முதல் ஏழு நாட்களில் அறிகுறிகள் தோன்றுவது வழக்கம். குட்டி முதலில் சோர்ந்து, உணவை மறுக்கும், காய்ச்சல் இருக்கலாம். பின்னர் வாந்தியும், கடும் நாற்றமுடைய குருதிக் கழிச்சலும் ஏற்படும். வைரசு குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் உயிரணுக்களை அழிக்கிறது. எலும்பு மச்சையையும் தாக்கி வெள்ளணுக்களைக் குறைக்கிறது. நீரிழப்பும், சிதைந்த குடல் வழியே குருதியில் நுழையும் பாக்டீரியாக்களுமே இறப்புக்குக் காரணமாகின்றன.

நோயறிதலும் சிகிச்சையும்

தொடக்கநிலையை அசீரணம் அல்லது குடற்புழுத் தொல்லை எனக் கருதி ஓரிரு நாள் காத்திருப்பது உயிரிழப்புக்கு வழிவகுக்கும். கொக்கிப்புழு, நச்சு, நாய்த் தீவிரநோய் (டிசுடெம்பர்) ஆகியவற்றாலும் கழிச்சல் உண்டாகலாம் என்பதால், மலப் பரிசோதனை மூலம் நோய் உறுதிசெய்யப்படுகிறது.

நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுதல், வாந்தியைத் தடுக்கும் மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றால் உடலைத் தாங்கிப் பிடிப்பதே முதன்மைச் சிகிச்சை ஆகும். மனிதருக்கான கழிச்சல் நிறுத்தும் மாத்திரைகளைக் கொடுப்பது தீங்கானது. வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் நீரையோ பாலையோ வலிந்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும்.

தடுப்பு

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கப்பட்டு, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் கடக்கும் வரை தொடரப்படுகிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் முதல் ஊசியைப் பயனற்றதாக்கக்கூடும். ஆகவே ஓர் ஊசியோடு நிறுத்துதல் போதாது. ஓராண்டுக்குள் ஊக்க ஊசி ஒன்றும் தேவை.

நோய்கண்ட வீட்டைச் சோப்பு நீரால் கழுவுவது மட்டும் போதாது. அழுக்கை முற்றிலும் அகற்றிய பின், ஒரு பங்கு குளோரின் வெளுப்பு நீர்மத்துடன் முப்பது பங்கு நீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண்தரையை இவ்வாறு தூய்மையாக்க இயலாது. ஆதலால் அவ்வீட்டில் தடுப்பூசி முடியாத புதிய குட்டியைப் பல மாதங்களுக்குக் கொண்டுவராதிருத்தல் நன்று.

பூனைகளும் மனிதரும்

பூனைகளின் பார்வோவைரசு நோயும் வாந்தி, கழிச்சல், வெள்ளணுக் குறைவு ஆகியவற்றுடன் தோன்றும். அதற்கும் தடுப்பூசி உண்டு. நாய் வைரசின் புதிய திரிபுகள் பூனைகளையும் தொற்றவல்லவை. மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. எனினும் மனிதரே இதனைத் தம் கைகளிலும் காலணிகளிலும் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குக் கொண்டுசெல்லக்கூடும்.