ஒரே உழைப்பு, மூன்று கணக்கு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

கணிதம் பயிலும் எனக்குக் கணக்கியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் மளிகைக் கடை நடத்துபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் கல்லாப்பெட்டியிலிருந்து 2,000 ரூபாய் எடுத்த அப்பா, அதைக் 'கடைச் செலவு' என்று எழுதினார். அது சரிதானா?

தனியாள் வணிகத்தில், சட்டத்தின் முன் கடையும் உரிமையாளரும் ஒருவரே. கடைக் கடனுக்கு வீடும் ஈடாகும். ஆனால் கணக்கியல் இருவரையும் பிரித்தே பார்க்கிறது. ஆகவே, அந்த 2,000 ரூபாய் செலவு அன்று; 'எடுப்பு'. அது இலாபத்தைக் குறைக்காது. அப்பாவின் முதலைத்தான் குறைக்கும்.

கூட்டாண்மையில் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி முதல் கணக்கு உண்டு. முதலில் இலாபம் கண்டு, பிறகு பகிர்வுக் கணக்கில் பிரிப்பார்கள். ஒப்பந்தம் இல்லையெனில், 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி இலாபம் சமபங்கு. உழைத்தவருக்குச் சம்பளம் இல்லை. முதலுக்கு வட்டி இல்லை. முதலுக்கு மேல் கொடுத்த கடனுக்கு மட்டும் 6 விழுக்காடு வட்டி.

இதை அறியாமல்தான் முன்பு அப்பாவும் என் தாய்மாமனும் எழுத்தில்லாமல் கூட்டுக்கடை வைத்தார்கள். மாமா போட்டது 60,000. அப்பா போட்டது 20,000. ஆண்டு இலாபம் 24,000. முதலுக்கேற்ப 18,000 வேண்டும் என்றார் மாமா. காலை முதல் இரவு வரை கடையில் நின்றதற்குச் சம்பளம் வேண்டும் என்றார் அப்பா. சட்டம் இரண்டையும் தராது, ஆளுக்கு 12,000தான். கடை மூடியது. அம்மா நான்கு ஆண்டுகள் பிறந்த வீட்டிற்குப் போகவில்லை. ஒரு தாள் ஒப்பந்தம் அதைத் தடுத்திருக்கும்.

நிறுமமோ சட்டப்படி தனி ஆள். பங்குதாரரின் பொறுப்பு, பங்கில் செலுத்த வேண்டிய தொகையோடு முடிகிறது. இலாபம் நிறுமத்திற்கே உரியது. பங்காதாயம் அறிவித்தால்தான் பங்குதாரர் கைக்கு வரும். 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டப்படி இரட்டைப் பதிவு முறையும் தணிக்கையும் கட்டாயம்; ஏடுகளை 8 ஆண்டுகள் காக்க வேண்டும். இங்கு உழைக்கும் இயக்குநரின் சம்பளம் உண்மையான செலவு. இலாபம் காணுமுன்பே கழிக்கப்படும்.

ஆக, உழைப்பவர் எடுக்கும் பணம் ஓரிடத்தில் எடுப்பு, ஓரிடத்தில் பகிர்வு, ஓரிடத்தில் செலவு.

இப்போது எங்கள் நோட்டில் எடுப்புக்குத் தனிப் பக்கம் உண்டு. இரண்டாண்டு நட்டம் என்று அப்பா வருந்திய கடை, அதைக் கூட்டிப் பார்த்தபோது சிறு இலாபத்தில் இருந்தது. அப்பக்கத்தில் பெரும்பாலும் என் படிப்பே இருந்தது. நண்பர்களே, உங்கள் வீட்டு நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்!