கமுதி வெயிலின் விலை

அரசுக் கொள்முதலில் விதி வேறு, திறன் வேறு. டெண்டரை எப்படி அறிவிப்பது, எப்படித் திறப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதற்கெல்லாம் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. ஒரு பொருளை எப்போது, எந்த முறையில், என்ன விலைக்கு வாங்குவது என்ற கணிப்பைச் சட்டம் சொல்லித்தராது; அதற்குத் திறன் வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம்.

ராமநாதபுரம் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியான கமுதியில், சுமார் 2,500 ஏக்கரில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. அதன் மின்சாரத்தை யூனிட்டுக்கு ரூ.7.01 வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்கத் தமிழ்நாடு மின்வாரியம் 2015 ஜூலையில் ஒப்பந்தம் செய்தது. இது டெண்டரில் வந்த விலை அல்ல. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் செலவுகளைக் கணக்கிட்டு, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக நிர்ணயித்த விலை. அதே ஜூலையில் மத்தியப் பிரதேசம் சூரிய மின்சாரத்துக்கான டெண்டரைத் திறந்தபோது, குறைந்த விலை ரூ.5.05.

நிலமும் வெயிலும், பணம் தவறாமல் வந்து சேரும் என்ற நம்பிக்கையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் ஏறக்குறைய இரண்டு ரூபாய் இடைவெளிக்கு அவை மட்டும் காரணமாக முடியாது. நிலையத்தின் உற்பத்தியை அதன் திறனில் 19 சதவீதம் என்று கொண்டால், ஆண்டுக்கு 107 கோடி யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கூடினாலே ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு.

விற்பவர்களே இல்லாத புதிய துறையை வளர்க்க நிர்ணய விலை நல்ல வழிதான். சூரியத் தகடுகளின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரியும் காலத்திலோ, அது நேற்றைய விலையை நாளைக்கும் கட்டிப்போட்டுவிடுகிறது. 2016இல் ஆணையமே விலையை ரூ.5.10 ஆகக் குறைத்தது. கமுதியில் பழைய விலைக்கான கெடுவுக்குள் மின்கட்டமைப்பில் இணையாத 288 மெகாவாட்டுக்கு எந்த விலை என்பது தீர்ப்பாயம் வரை போனது. 2017இல் மின்வாரியம் 1,500 மெகாவாட்டுக்கு டெண்டர் விட்டபோது கிடைத்த விலை ரூ.3.47.

குறைந்த விலை கேட்டவரிடம் கொடுத்துவிடுவதும் திறன் ஆகாது. 2015 நவம்பரில் ஆந்திராவில் ரூ.4.63க்கு டெண்டர் எடுத்த அமெரிக்காவின் சன்எடிசன், அடுத்த ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில், சில வகைப் பணிகளுக்கு விலையோடு தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் தர அனுமதித்தது.

அந்த மதிப்பெண்ணைச் சரியாகப் போடவும், சந்தை சரிவதை முன்கூட்டியே கண்டுகொள்ளவும் தேர்ந்தவர்கள் ஒவ்வொரு துறையின் கொள்முதல் பிரிவிலும் தேவை. அவர்களைப் பயிற்றுவிக்க அரசு செலவிட வேண்டும். கமுதிக் கணக்கோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.