உங்களுக்குத் தெரியுமா? காத்திருக்கும் நேரத்துக்கும் காப்புரிமை இருந்தது!

வீடியோ கேம் தொடங்கும் முன் அதன் தரவுகள் நினைவகத்தில் ஏற வேண்டும். 1980-களில் கமடோர் 64 கணினியில் கேசட்டிலிருந்து ஓர் ஆட்டம் ஏறச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த அலுப்பைப் போக்க 1987-இல் வந்தது 'இன்வேட்-எ-லோடு'. நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் வேற்றுக்கிரகப் படையைச் சுட்டு வீழ்த்தலாம்.

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனுக்காக 'ரிட்ஜ் ரேசர்' கார் பந்தய ஆட்டத்தை வெளியிட்டது. அது ஏறும்போது, அதே நிறுவனத்தின் 1979-ஆம் ஆண்டு ஆட்டமான 'கேலக்சியன்' சிறு வடிவில் வரும். எதிரிகள் அத்தனை பேரையும் வீழ்த்தியவருக்குப் பந்தயத்தில் கூடுதல் கார்கள் கிடைக்கும். காத்திருப்புக்கே பரிசு தந்த அருமையான யோசனை இது.

நாம்கோ இந்த உத்திக்கு 1995-இல் விண்ணப்பித்து, 1998-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. கமடோர் காலத்திலேயே இருந்த உத்திக்கு இதை வழங்கியது நியாயமாகப் படவில்லை. மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் குறிப்புகளையும் படங்களையும் காட்டிச் சமாளித்தன. 'பேயனெட்டா' (2009) போன்றவை, ஆட்டத்தின் அடி உத்திகளையே அந்த இடைவெளியில் பழகிப் பார்க்கவிட்டன.

காப்புரிமை 2015 நவம்பரில் காலாவதியானது. ஐந்தே ஆண்டுகளில் அதிவேக எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துடன் பிளேஸ்டேஷன் 5 வந்து, பல ஆட்டங்களின் காத்திருப்பைச் சில விநாடிகளாகச் சுருக்கிவிட்டது.