கணினியில் அழையா விளம்பரங்கள்

கணினியைத் திறந்து சில நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. திரையின் வலப்பக்க மூலையில் ஒரு சிறு பெட்டி எழும்பும். ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன’ என்று ஒன்று சொல்லும். ‘புதிய ஐபோன் ஒன்றை வென்றுவிட்டீர்கள்’ என்று அடுத்தது சொல்லும். மூன்றாவதாக வருவது சில வேளை குடும்பத்தோடு இருந்து பார்க்க முடியாத படமாக இருக்கும். மூடினால் இன்னொன்று வரும். இவற்றைக் கொண்டு வரும் மென்பொருள்களை ‘அட்வெயார்’ என்கிறார்கள். விளம்பர மென்பொருள் என்று நாம் சொல்லலாம்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை என்பதால், பெற்றோர் சந்திப்பு முடிந்த பின்னும் சில தாய்மார் எழுந்து போகாமல் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பதுண்டு. குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். காரணம் எனக்குத் தெரியும். வீட்டுக் கணினியில் ஓர் அசிங்கமான படம் எழும்பினால் முதலில் விசாரிக்கப்படுவது அந்தக் கணினியில் படிக்கும் மகள்தான். ‘எதைப் பார்த்தாய் என்று இது வருகிறது?’ என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்காது. லெப்டொப் அலுமாரிக்குள் போய்விடும். உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில், ஒரு தவணை முழுவதும் கணினி இல்லாமல் இருந்த மாணவியரை நான் அறிவேன். ஆகவே இக்கட்டுரையை மாணவியருக்காக எழுதுவது போலவே உம்மா வாப்பாமாருக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கணினியில் எழும்பும் விளம்பரத்தை வைத்து அதைப் பாவித்தவர் என்ன பார்த்தார் என்று முடிவு கட்ட முடியாது. நாம் தேடியதை வைத்து விளம்பரம் காட்டும் முறை ஒன்று இருப்பது உண்மை. சப்பாத்து ஒன்றைத் தேடினால் ஒரு வாரத்துக்குச் சப்பாத்து விளம்பரமே வரும். ஆனால் மூலையில் எழும்பும் இந்த மலிவு விளம்பரங்கள் அப்படிப் பார்த்து அனுப்பப்படுபவை அல்ல. நல்ல நிறுவனங்கள் விளம்பரம் கொடுக்கத் தயங்கும் இடங்களில் சூதாட்டக்காரரும் மோசடிக்காரரும் ஆபாசத் தளத்தாரும்தான் இடம் வாங்குகிறார்கள். யார் கண்ணில் பட்டாலும் அவர்களுக்குச் சரி. பாடசாலைப் பிள்ளைக்கும் ஓய்வுபெற்ற அதிபருக்கும் ஒரே படம்தான் போகும்.

வலைப்பக்கத்தை விட்டு வெளியே எழும்பும் விளம்பரத்துக்கு முதலில் நிரல் எழுதியவர்களுள் ஒருவர் ஈதன் சக்கர்மன் என்ற அமெரிக்கர். 1990களில் ட்ரைபொட் என்ற இணையத்தளத்தில் அவர் வேலை செய்தார். விளம்பரதாரரின் பெயர், பொருத்தமில்லாத பக்கமொன்றோடு சேர்ந்து தெரியக்கூடாது என்பதற்காகவே விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் திறக்கச் செய்தார்கள். 2014இல் ‘த அட்லாண்டிக்’ சஞ்சிகையில் கட்டுரை எழுதி அவர் அதற்காக மன்னிப்பும் கேட்டார். கேட்டு என்ன, அதற்குள் அது உலகம் முழுவதும் பரவிவிட்டது.

பாவிப்பவர் எந்தத் தவறும் செய்யாமலே விளம்பர மென்பொருள் வீட்டுக்குள் வரலாம் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் ‘சூப்பர்ஃபிஷ்’. 2014 செப்டெம்பர் முதல் லெனோவோ நிறுவனம் விற்ற சில வகை லெப்டொப்களில் இது முன்கூட்டியே போடப்பட்டு வந்தது. வாங்கியவர் பெட்டியை உடைக்கும்போதே அது உள்ளே இருந்தது. நீங்கள் பார்க்கும் பக்கத்திலுள்ள படத்தை ஆராய்ந்து, அதைப் போன்ற பொருள்களின் விளம்பரங்களை அதே பக்கத்தில் செருகுவது அதன் வேலை.

விளம்பரத்தோடு நின்றிருந்தால் பெரிய விடயமல்ல. வங்கிப் பக்கம் போன்ற மறைகுறியாக்கப்பட்ட பக்கங்களுக்குள்ளும் நுழைவதற்காக அது கணினியில் தனது சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றைப் பதித்தது. ஒரு கடிதத்தில் கிராம உத்தியோகத்தரின் முத்திரையைப் பார்த்து அலுவலகத்தில் நம்புகிறார்கள் அல்லவா? உலாவியும் அப்படித்தான். இணையத்தளம் காட்டும் சான்றிதழில் தான் அறிந்த முத்திரை இருந்தால் பூட்டு அடையாளத்தைக் காட்டும். சூப்பர்ஃபிஷ் செய்தது, போலி முத்திரை ஒன்றைச் செய்து வீட்டுக்குள்ளேயே வைத்தது போன்ற வேலை. அதிலும் மோசம், எல்லா லெப்டொப்களிலும் இருந்தது ஒரே திறவுகோல். அதைக் கைப்பற்றும் எவரும், பொது இடமொன்றின் வைஃபையில் உங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு உங்கள் வங்கியாக நடிக்க முடியும். 2015 பெப்ரவரியில் விடயம் வெளியானதும், அந்தத் திறவுகோலின் கடவுச்சொல்லை ஓர் ஆய்வாளர் சில மணித்தியாலங்களில் உடைத்துக் காட்டினார். அமெரிக்க அரசாங்கம் இதை நீக்கும்படி அறிவுறுத்தியது. மென்பொருளை நீக்கிய பின்னும் சான்றிதழ் கணினியில் தங்கியிருந்தது. ஆகவே இரண்டையும் தனித்தனியே நீக்க வேண்டியிருந்தது. விளம்பர மென்பொருளைத் துப்புரவாக்கும்போது ஒரு பொத்தானோடு வேலை முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எமது வீடுகளுக்குள் இது வரும் வழி பெரும்பாலும் வேறு. சாதாரண தர, உயர்தர மாணவியர் கடந்தகால வினாத்தாள் தேடுகிறார்கள். கூகுளில் அகப்படும் தளத்தில் ‘டவுன்லோட்’ என்று பச்சை நிறத்தில் மூன்று பொத்தான்கள் இருக்கும். மூன்றில் இரண்டு விளம்பரம். வேறு சில தளங்களில் ‘நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அலவ் என்பதை அழுத்துங்கள்’ என்று எழுதியிருக்கும். அந்த ‘அலவ்’ ரோபோவுக்கும் உங்களுக்கும் இடையிலான விடயமே அல்ல. அந்தத் தளம் இனி உங்கள் திரைக்கு நினைத்த நேரமெல்லாம் அறிவிப்பு அனுப்பலாம் என்ற அனுமதி அது. இலவச எழுத்துரு, வீடியோ மாற்றி, பி.டி.எஃப். கருவி என்று எடுக்கும்போது ‘எக்ஸ்பிரஸ்’ முறையில் நிறுவினால், கூடவே இன்னும் இரண்டு மூன்று மென்பொருள்கள் ஏறிக்கொள்ளும். ‘கஸ்டம்’ என்பதைத் தெரிவு செய்தால் அவற்றின் பெயர்கள் தெரியும், அடையாளத்தை எடுத்துவிடலாம். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் ‘கிராக்’ பிரதியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வினாத்தாள்களுக்குக் கல்வி அமைச்சின் ‘இ-தக்சலாவ’ தளம் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளம் இருக்கிறது. இரண்டிலும் பச்சைப் பொத்தான் வலை கிடையாது.

இனி நீக்கும் வேலைக்கு வருவோம். எதையும் அழிக்க முன்னர், விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மூலையில் எழும்பும் பெட்டியில் சிறிய எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும் ஓர் இணையத்தள முகவரியும் தெரிந்தால் அது உலாவியின் அறிவிப்பு. நான் பார்த்தவற்றில் அதிகம் இந்த வகைதான். திருத்துவதும் இதுவே இலகு. குரோமில் வலப்பக்க மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், அதில் பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். அதே பக்கத்தில், எந்தத் தளமும் அனுமதி கேட்கவே கூடாது என்று தெரிவு செய்யவும் வழி உண்டு. எட்ஜிலும் இதற்கு ஒத்த இடம் இருக்கிறது.

இந்தப் பட்டியலைப் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருந்து திறந்து பார்ப்பது நல்லது. கொள்ளுப்பிட்டியில் எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டில் மகள் மீது வந்த சந்தேகத்தைத் தீர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பட்டியலைத் திறந்தோம். நானாவின் கிரிக்கெட் நேரலைத் தளம் ஒன்று இருந்தது. மற்ற நான்கும், இந்திய நாடகத் தொடர்களைத் திருட்டுத்தனமாகப் போடும் தளங்கள். அவற்றைப் பின்னேரங்களில் பார்ப்பது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உம்மா ஒன்றும் பேசாமல் தேநீர் போடப் போய்விட்டார். லெப்டொப் அன்றே மகளின் மேசைக்குத் திரும்பியது.

அறிவிப்புகளை நிறுத்திய பின்னும் விளம்பரம் வருகிறதா? உலாவியின் முதற் பக்கம் தானாக மாறிவிட்டதா, கூகுளில் தேடினால் வேறெங்கோ போகிறதா? அப்படியானால் நீட்சிகளைப் பாருங்கள். மூன்று புள்ளிகளில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று இருக்கும். நீங்கள் அறிந்து போடாத எதையும் நீக்கலாம். வீட்டுக் கணினியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களாலும் அந்த வரி வரலாம், ஆனால் நீட்சியை நீக்க முடியாதபடி பூட்டி வைக்க விளம்பர மென்பொருள்களும் இந்தத் தந்திரத்தைச் செய்கின்றன.

அடுத்து விண்டோஸின் செட்டிங்ஸில் ‘அப்ஸ்’ பகுதிக்குப் போய், நிறுவிய திகதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி என்னென்ன ஏறியிருக்கின்றன என்று தெரியும். இங்கே அவசரம் கூடாது. இன்டெல், ரியல்டெக், மைக்ரோசொஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் போன்ற பெயர்கள் விளங்காவிட்டாலும் அவை கணினிக்குத் தேவையானவை, தொட வேண்டாம். இன்னொரு மறைவிடம், திரையிலுள்ள உலாவியின் குறுக்குவழிச் சின்னம். அதை வலது கிளிக் செய்து ‘ப்ரொபர்ட்டீஸ்’ திறந்தால் ‘டார்கட்’ என்ற வரி இருக்கும். அதன் கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டப்பட்டிருந்தால் அந்தத் துண்டை மட்டும் அழியுங்கள். இதற்கெல்லாம் பிறகு உலாவியை ‘ரீசெட்’ செய்யலாம். சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் அழியாது.

கடைசியாகச் சோதனை. விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் போதுமானது. ‘ஸ்கேன் ஒப்ஷன்ஸ்’ என்பதில் ‘ஒஃப்லைன் ஸ்கேன்’ தெரிவு செய்தால் கணினி மீளத் தொடங்கி, விண்டோஸ் முழுமையாக எழும்புவதற்கு முன்பே தேடும். கால் மணித்தியாலம் அளவில் முடியும். விளம்பர மென்பொருளுக்கென்றே உள்ள இலவசக் கருவி ‘அட்வ்கிளீனர்’. 2016இல் மால்வெயார்பைட்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். விளம்பர நீக்கி என்று விளம்பரத்தில் வருவதை எடுத்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம்.

திரை முழுவதும் சிவப்பாகி, சத்தம் போட்டு, ‘கணினியை அணைக்க வேண்டாம், இந்த இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்’ என்று மைக்ரோசொஃப்ட்டின் பெயரில் வருவது தனி ரகம். அது ஒரு வலைப்பக்கம் மாத்திரமே. மைக்ரோசொஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் போடுவதில்லை. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியை முடித்துவிடுங்கள். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யாராவது ஏற்கனவே அழைத்து, அவர்கள் சொன்னபடி கணினியைத் திறந்துவிட்டிருந்தால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, அட்டை இலக்கம் கொடுத்திருந்தால் வங்கிக்கும் சொல்லுங்கள். 2006 முதல் இயங்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

இத்தனைக்கும் பின் தீராவிட்டால், யூனிட்டி பிளாசாவுக்குக் கொண்டு போய் போமட் அடிப்போம் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். போமட் அடித்தால் தொல்லை போய்விடும் என்பது சரி. ஆனால் கலியாணப் படங்களும் குடும்பப் படங்களும் உள்ள கணினியை அப்படியே ஒரு கடையில் இரண்டு நாள் விட்டு வருவதை நான் விரும்புவதில்லை. கொண்டு போக முன்னர் படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி செய்து, கணினியிலுள்ளதை அழித்துவிடுங்கள். மின்னஞ்சல், முகநூல் கணக்குகளிலிருந்து வெளியேறி, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் நீக்குங்கள். வன்தட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் அதிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பிரதி செய்யுங்கள். பழைய ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் உள்ள நிறுவல் கோப்புகளைத் திரும்பக் கொண்டு வர வேண்டாம்.