வாசலில் நிற்கும் யுடோரா

மார்க் கிரிஸ்பின் 1986-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் இருந்துகொண்டு சர்வரிலுள்ள மின்னஞ்சலைச் செயலி வழியே படிப்பதற்கான ஐமேப் என்னும் நெறிமுறையை வகுத்த வரலாற்றைச் சென்ற வாரமே பார்த்தாயிற்று. பெரிய அஞ்சல் ஸ்தாபனங்கள் பிறர் எழுதிய செயலிகளுக்குக் கதவடைத்ததன் காரணத்தையும், அதற்குப் பரிகாரமாகத் தரப்படும் செயலிக் கடவுச்சொல்லின் விசேஷத்தையும் இந்த வாரம் விளக்குவதாக வாக்களித்திருந்தேன்.

காரணத்தை அறிய, ஐமேப் நெறிமுறையை விவரிக்கும் 2003-ஆம் ஆண்டு ஆவணத்தைப் புரட்டினாலே போதும். அதில் கிரிஸ்பின் தந்திருக்கும் மாதிரி உரையாடலில், சர்வர் தான் தயாராக இருப்பதைத் தெரிவித்தவுடன், செயலியானது 'லாகின்' என்ற ஆணையையும், கிரிஸ்பினுடைய பெயரின் மூன்று முதலெழுத்துக்களையும், அவற்றையடுத்து 'சீக்ரெட்' என்ற கடவுச்சொல்லையும் ஒரே வரியில் சமர்ப்பிக்க, சர்வரும் மறுகேள்வியின்றி உள்ளே விட்டுவிடுகிறது. கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கேட்டு ஆளை மறுபடி சோதிப்பதற்கு அந்த வரியில் இடமே கிடையாது. ஆகவே, கடவுச்சொல்லைத் திருடியவனும், எளிதில் யூகிக்கத்தக்க கடவுச்சொற்களைக் கணக்குக் கணக்காகப் போட்டுப் பார்ப்பவனும், முன்வாசலில் எத்தனை காவல் இருந்தபோதிலும், இந்தப் பழைய வழியாகவே பிரவேசிக்கலாயினர். கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதலும், மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதலும் அந்த வழியை அடைத்தது நியாயமே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்குப் பதிலாக வந்திருக்கும் ஓ-ஆத் முறையில் செயலி நம் கடவுச்சொல்லைக் காண்பதே இல்லை. உலாவியில் நாமே நேரடியாக நுழைந்து சம்மதம் தெரிவிக்க, ஒரு குறித்த காரியத்துக்கு மட்டும் எழுதிக்கொடுக்கும் பவர் பத்திரத்தைப் போல, வேண்டாதபோது ரத்துசெய்யத்தக்க ஓர் அனுமதிச்சீட்டு செயலியின் கைக்குப் போகிறது. ஆனால், அந்தச் சீட்டைக் கேட்கும் தகுதி தம் செயலிக்குக் கிடைக்கவேண்டுமானால், அதை எழுதியவர் ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் முன்கூட்டியே அதைப் பதிவு செய்தாக வேண்டும். தண்டர்பேர்ட் போன்ற பெயர்பெற்ற செயலிக்கு அது பெரிய காரியமல்ல. தன்னந்தனியாக எழுதுகிறவர் என்ன செய்வார்?

தனியொருவர் என்றதும், இந்த வாரம் முழுவதும் என் மனத்தை ஆக்கிரமித்திருந்த யுடோராவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஊழியராயிருந்த ஸ்டீவ் டோர்னர் 1988-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக எழுதத் தொடங்கிய அஞ்சல் செயலி அது. முதல் வடிவத்தை முடிக்க ஓராண்டுக்குச் சற்று மேலாயிற்று, நிரலோ ஏறத்தாழ 50,000 வரிகள். மிஸிஸிப்பியைச் சேர்ந்த எழுத்தாளர் யுடோரா வெல்டி 1941-இல் வெளியிட்ட சிறுகதையொன்றில், ஒரு சிற்றூரின் தபாலாபீஸை நிர்வகிக்கும் பெண், வீட்டாரோடு ஏற்பட்ட மனஸ்தாபத்தால், தன்னுடையதென்று உரிமை கொண்டாடிய மின்விசிறியையும் ரேடியோவையும் எடுத்துக்கொண்டு தபாலாபீஸிலேயே குடியேறிவிடுகிறாள். இரவுபகலாக அஞ்சல்களோடு மல்லாடிய டோர்னருக்குத் தாமும் தபாலாபீஸில்தான் வசிக்கிறோம் என்று தோன்றவே, அந்த எழுத்தாளரின் பெயரையே செயலிக்குச் சூட்டினார். இலக்கியம் ஒரு பொறியாளரின் மேசைவரை சென்று, லட்சோபலட்சம் பேர் தினந்தோறும் உச்சரிக்கும் நாமமாக நிலைபெற்ற இந்த நிகழ்ச்சியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆனந்தமாகவே இருக்கிறது. பின்னாளில் குவால்காம் வசமான யுடோராவின் மூல நிரல், 2018-இல் கலிஃபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் மூலமாக யாவரும் காணும்படி வெளியாயிற்று.

ஓ-ஆத் அறியாத அந்தப் பழைய யுடோரா இன்று அவுட்லுக்.காம் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான். என் விசாரம் அதைப் பற்றியதன்று. அன்று டோர்னர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. நெறிமுறை ஆவணம் பொதுவில் இருந்தது, படித்தார், எழுதினார். இன்று அவரைப் போன்ற ஒருவர், தம் செயலியை ஊராருக்குக் கொடுக்குமுன் எத்தனை ஸ்தாபனங்களின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும்! செயலி தானாகவே சர்வரிடம் பதிவு செய்துகொள்வதற்கான பொது நெறிமுறை 2015-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. பாதுகாப்பைத் தளர்த்தாமலே பெரிய ஸ்தாபனங்கள் அதற்கு இடம் தரலாம். தரவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

செயலிக் கடவுச்சொல்லுக்கு இவ்வாரம் இடமில்லாமற்போயிற்று. கூகுள் தரும் அந்த 16 எழுத்துக்களைக் கொண்டு பழைய செயலியை உள்ளே அழைத்துச் செல்வது எங்ஙனம் என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்.

(தொடரும்)