தோரும் துரியோதனனும்!

ஒரே படத்தை நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள் குட்டீஸ்? இரண்டு? மூன்று? காஞ்சிபுரம் பக்கத்தில் முசரவாக்கத்தில் இருக்கும் என் அக்கா மகனிடம் இதைக் கேட்டால், எண்ணுவதற்குக் கைவிரல் போதாது என்பான். வயது 11. அடுத்து என்ன வசனம் வரும் என்று படத்தில் வருபவர்களுக்கு முன்னால் இவன் சொல்லி விடுவான்!

போன மே மாத விடுமுறையில் அங்கே போயிருந்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. கூடத்தில் அவனுடைய ஆயா ராட்டையை வைத்துக்கொண்டு பட்டு நூலில் தார் சுற்றிக் கொண்டிருக்கிறார். இவன் டிவிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஓடிக் கொண்டிருந்தது, 'தோர்: தி டார்க் வேர்ல்ட்'. சுத்தியல் வீரன் தோரின் இரண்டாம் படம். 2013ல் வந்தது.

"எத்தினி வாட்டிடா இதையே பாப்ப? முடிவுதான் தெரியுமே!" என்றார் ஆயா.

அவன் திரும்பாமலே பதில் சொன்னான். "நீ மட்டும் வருசா வருசம் படுகளம் பாக்கப் போறியே ஆயா. துரியோதனன் செத்துப் போவான்னு உனக்குத் தெரியாதா?"

ராட்டை நின்று விட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆயா கோபிப்பார் என்று பார்த்தால், அவர் யோசித்துக் கொண்டிருந்தார்! "நான் அவன் சாவறதைப் பாக்கப் போறதில்லடா. இந்த வருசம் பீமன் எப்பிடி ஆடறான்னு பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.

அந்த ஒரு வரியை நான் ஊருக்குத் திரும்பிய பிறகும் நினைத்துக் கொண்டே இருந்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சுத்தியலை எங்கே மாட்டினார்?

முதலில் படத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் தோர் படங்களில் இந்த இரண்டாவது படம் சுமார்தான். வில்லன் மாலெகித் முறைத்துப் பார்ப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆனால், இரண்டாம் முறை பார்க்கும்போது வேறு விஷயங்கள் கண்ணில் படும். ஒரு காட்சியில் தோர் ஒரு வீட்டுக்குள் வருவார். தகுதி உள்ளவர் தவிர வேறு யாராலும் தூக்க முடியாத அந்தச் சுத்தியலை, நாம் சட்டை மாட்டுகிற மாதிரி சுவரில் உள்ள கொக்கியில் சாவதானமாக மாட்டுவார்! முதல் முறை பார்க்கும்போது 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற பரபரப்பில் இதைத் தவற விட்டிருப்பீர்கள்.

தோர் என்பவர் சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த ஆள் இல்லை, தெரியுமா? நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து நாடுகளில் வாழ்ந்த மக்கள் பழங்காலத்தில் வணங்கிய இடி தேவன் அவர். நம் ஊர் இந்திரனுக்கு வஜ்ராயுதம் மாதிரி அவருக்குச் சுத்தியல். அதன் பெயர் மியோல்னிர். ஆங்கிலத்தில் வியாழக்கிழமையைத் 'தர்ஸ்டே' என்கிறோமே... அது 'தோரின் நாள்' என்பதிலிருந்து வந்ததுதான்!

ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்பவர் சுமார் 1220ல் இந்தக் கதைகளை எழுதி வைத்தார். அதற்கு முன்பு பல நூறு ஆண்டுகள் வாய்வழியாகவே சொல்லி வந்தார்கள். 1962ல் அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ், தோரைச் சூப்பர் ஹீரோ ஆக்கியது. அப்போது நிறைய மாற்றி விட்டார்கள். பழைய கதையில் தோருக்குச் சிவப்புத் தாடி; சினிமாவில் பொன்னிற முடி. சினிமாவில் லோகி, தோரின் வளர்ப்புத் தம்பி. பழைய கதையிலோ லோகி, தோரின் அப்பா ஒடினோடு ரத்தம் கலந்து சகோதரன் ஆனவன். அதாவது சித்தப்பா முறை! மாலெகித் பழைய கதையில் கிடையவே கிடையாது.

சுத்தியலின் கைப்பிடி ஏன் குட்டை என்று கவனித்திருக்கிறீர்களா? அதற்கும் பழைய கதையில் காரணம் உண்டு. குள்ளர்கள் அதை உலையில் செய்து கொண்டிருந்தபோது, லோகி ஈயாக மாறிப் போய் ஒருவரின் கண் இமையில் நறுக்கென்று கடித்து விட்டானாம். வேலை கெட்டது, கைப்பிடி குட்டையாகி விட்டது.

தோரின் தேரை இழுப்பவை இரண்டு ஆட்டுக் கடாக்கள். பசித்தால் தோர் அவற்றையே சமைத்துச் சாப்பிட்டு விடுவார்! எலும்புகளைத் தோல் மேல் போட்டு வைத்து, காலையில் சுத்தியலைத் தூக்கிக் காட்டினால் கடாக்கள் எழுந்து நிற்கும். ஒரு முறை விருந்துக்கு வந்த குடியானவன் மகன், ஆசைப்பட்டு ஒரு தொடை எலும்பைப் பிளந்து தின்று விட்டான். மறுநாள் ஒரு கடா நொண்டியது.

செத்துச் செத்துப் பிழைக்கும் கடாக்கள். இதைச் சொன்னதும் என் அக்கா மகன், "நம்ம ஊர் கூத்துல கர்ணன் மாதிரி!" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

கட்டை கட்டினால் கர்ணன்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கோடையில் பாரதம் நடக்கும். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கியார் மகாபாரதக் கதை சொல்வார். ராத்திரி கூத்து. சாப்பிட்டுவிட்டுப் பாயைச் சுருட்டிக் கொண்டு போனால், விடியும் வரை ஆட்டம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல ராத்திரிகள்.

இங்கே இதைக் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் என்று வேடக்காரர்கள் கட்டிக் கொள்ளும் மரத்தாலான அணிகள்தான் 'கட்டை'. கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டி, வெளிச்சம் பட்டால் தகதகவென மின்னும். பகலில் சாதாரண மனிதராக டீ குடித்துக் கொண்டிருந்தவர், இதைக் கட்டிக் கொண்டு இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடியபடி சலங்கையைத் தட்டினால்... அவ்வளவுதான், நமக்குத் தோரெல்லாம் மறந்து போகும். முகவீணை பீறிடும். மிருதங்கம் அதிரும். நடுநடுவே கட்டியங்காரன் வந்து, நம்ம ஊர் பஸ் லேட்டாக வருவதையெல்லாம் அஸ்தினாபுரத்தோடு சேர்த்துக் கிண்டல் செய்வார்.

அர்ஜுனன் தபசு அன்றைக்கு நட்டு வைத்த உயரமான மரத்தில் அர்ஜுனன் பாடிக் கொண்டே ஏறி, பாசுபதம் கேட்டுத் தவம் செய்வான். மேலேயிருந்து அவன் வீசும் எலுமிச்சம்பழத்தைப் பிடிக்கக் கீழே போட்டி! கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணாலேயே பிரம்மாண்டமான துரியோதனனைச் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு ஓடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் திரௌபதி தன் கூந்தலை முடிந்து கொள்வாள். அன்று சாயங்காலம் தீமிதி.

இத்தனை நாளும் திரௌபதியாக ஆடியவர் பெரும்பாலும் ஆண்தான். கூத்தில் பெண்களைச் சேர்க்கும் வழக்கம் முன்பு இல்லை. காஞ்சிபுரத்துக்கு அருகில் புஞ்சரசந்தாங்கல் என்ற ஊரில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால், 2002ல் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கியபோது பெண் பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டார். பள்ளிப் பாடமும் உண்டு, கூத்தும் உண்டு. அவரோடு சேர்ந்து இதை நடத்தியவர், கட்டைக்கூத்தை ஆராய வந்து இங்கேயே வாழத் தொடங்கிய நெதர்லாந்து நாட்டு அறிஞர் ஹன்னே டி புருயின். உங்கள் வயதுச் சிறுமிகள் மீசை வரைந்து கொண்டு துரியோதனனாக மிரட்டினார்கள்! 2020ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டு விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

12 மணிக்குத் தூக்கம்

சரி, நாங்கள் மூவரும் கூத்துக்குப் போன கதைக்கு வருகிறேன். ஆயா சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது என்று இவன் முடிவு கட்டி விட்டான். பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயில். அன்றைக்குக் கர்ண மோட்சம்.

10 மணிக்கு உட்கார்ந்தோம். 11 மணி வரை கேள்வி மேல் கேள்வி. "இது யாரு ஆயா?" "பொன்னுருவி. கர்ணன் பொண்டாட்டி." "அவங்க ஏன் கோவமா இருக்காங்க?" "அவன் தேரோட்டி புள்ளைன்னு நெனைச்சிட்டிருக்கா." "அப்ப குந்தி?" "சும்மா பாருடா!"

12 மணிக்கு ஆயா மடியில் தூங்கி விட்டான்.

அவன் மேல் தப்பு இல்லை. கூத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று உட்கார வைத்துச் சொல்ல மாட்டார்கள். பார்க்க வந்தவர்களுக்கு முழுக் கதையும் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் ஆட்டமே தொடங்கும். தோர், ஒடின், லோகி என்று வடக்கு ஐரோப்பாவின் குடும்பத்தையே ஒப்பிக்கும் இவனுக்குப் பொன்னுருவியைத் தெரியவில்லை. நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கும் அரைகுறைதான். சிவாஜி கணேசன் நடித்த 'கர்ணன்' படத்தில் கர்ணன் மனைவியின் பெயர் சுபாங்கி. அது 1964ல் வந்த படம். 48 ஆண்டு கழித்து, 2012ல் புதுப்பித்துத் தியேட்டரில் போட்டபோது, முடிவு தெரிந்த அந்தப் படம் மறுபடி 100 நாளைத் தாண்டி ஓடியது!

விடியற்காலையில் பொன்னுருவியிடம் விடை பெறும் கட்டம் வந்தது. போர்க்களத்துக்குப் போனால் திரும்ப மாட்டோம் என்று கர்ணனுக்கே தெரியும். இத்தனை நாள் அவனை மதிக்காதவள் இப்போது அவனை விடமாட்டேன் என்கிறாள். நான் பக்கத்தில் பார்த்தேன். ஆயா அழுது கொண்டிருந்தார். முந்தானையால் துடைத்துக் கொள்ளக்கூட இல்லை.

அவன் எழுந்து விட்டிருந்தான். "ஏன் ஆயா அழற? அவர் செத்துப் போவாருன்னு உனக்குத் தெரியுமே?"

"ஒங்க தாத்தாவுக்குக் காரியம் பண்ணப்ப இந்தக் கூத்துதான் வெச்சாங்க" என்றார் ஆயா. இந்தப் பக்கத்தில் இறந்தவர்களுக்காகக் கர்ண மோட்சம் ஆட வைப்பது வழக்கம். "அதுக்கு முன்னாடியும் பத்து இருவது வாட்டி பாத்திருப்பேன். அப்பல்லாம் கர்ணனைத்தான் பாப்பேன். அதுக்கப்புறம் பொன்னுருவியப் பாக்கறேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தூங்கவும் இல்லை.

9 அடி

திரும்பி நடந்து வரும்போது அவனுக்கு ஒரு கதை சொன்னேன். ஐஸ்லாந்துப் பழங்கதையில் தோருக்கும் முடிவு உண்டு. ரக்னரோக் என்ற இறுதிப் போரில், உலகத்தையே சுற்றிக் கிடக்கும் மாபெரும் பாம்போடு தோர் மோதுவார். பாம்பைக் கொன்றும் விடுவார். ஆனால், அதன் விஷம் ஏறி, 9 அடி எடுத்து வைத்ததும் விழுந்து இறப்பார். கதை கேட்ட எல்லாருக்கும் இது முன்கூட்டியே தெரியும். தோர் ஆட்டுக்கடா ஓட்டிக்கொண்டு சிரிப்பாகத் திரியும் கதையைக் கேட்கும்போதும், அந்த 9 அடி அவர்கள் மனதில் இருந்திருக்கும்.

"படத்துல அப்படி இல்லையே?" என்றான். இல்லைதான். 2017ல் வந்த 'தோர்: ரக்னரோக்' படத்தில் அவருக்கு ஒரு கண் போகிறது, உயிர் போகவில்லை. செத்துவிட்டால் அடுத்த படம் எப்படி எடுப்பார்கள்?

"கர்ணன் செத்தும் அடுத்த வருசம் வராரே மாமா" என்றான் அவன். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், மறுபடி அதே படம். இந்த முறை ஆயாவையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டான். அவர் தார் சுற்றிக் கொண்டே பார்த்தார். லோகி குத்துப்பட்டு, தோரின் கையில் சாய்ந்து, முகம் வெளுத்துச் சாகும் கட்டம் வந்தது. இவன் மூச்சுக்கூட விடாமல் ஆயா முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தான். லோகி உண்மையில் சாகவில்லை என்பது கடைசியில்தானே தெரியும்!

ஆயா டிவியை ஒரு பார்வை பார்த்தார்.

"இவன் எங்கடா செத்தான்? நடிக்கிறான்."

"எப்பிடி ஆயா கண்டுபுடிச்ச?"

"அறுவது வருசமா கூத்து பாக்கறேன். சாவறவன் எப்பிடி விழுவான்னு எனக்குத் தெரியாதா?" என்றார் ஆயா. "கொஞ்சம் நகரு, நூல் மேல உக்காந்திருக்க."