டிவி வராத ஊரில் டிவி ட்யூனர்!

வாங்க, கேரளத்து முதலமடையில் ஒரு லேப்டாப்புக்குள் எட்டிப் பார்ப்போம். ஓரத்தில் செருகியிருப்பது விரல் நீள யூஎஸ்பி டிவி ட்யூனர். உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல்2832யூ சிப். டிவி பார்க்கவா? சான்ஸே இல்லை! 2016-ல் தூர்தர்ஷன் 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கியபோது சென்னை இருந்தது, கேரளத்தில் ஓர் ஊர்கூட இல்லை. போதாக்குறைக்கு அது டிவிபி-டி2; இந்தச் சிப்புக்குத் தெரிந்தது பழைய டிவிபி-டி மட்டும்.

அப்புறம் எதுக்கு இது? கூத்தே அங்கேதான்!

அப்போதெல்லாம் விண்டோஸில் இந்தச் சிப் எஃப்எம் பாடியது; லினக்ஸில் ஊமையாக இருந்தது. லினக்ஸுக்கு ட்யூனர் டிரைவர்கள் எழுதிப் பேர் வாங்கிய பின்லாந்துக்காரர் ஆன்ட்டி பாலோசாரி, யூஎஸ்பி வழியே என்ன போகிறது என்று ஒட்டுக்கேட்டார். 2012 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது: எஃப்எம்மில் சிப் பாட்டையே அனுப்பவில்லை! ஆன்டெனாவில் விழுந்த அலையை எண்களாக்கி அப்படியே கொட்டுகிறது. பாட்டைப் பிரிப்பது கம்ப்யூட்டர்தான். நம்ம பஞ்சாயத்துப் பரம்பிக்குளத்துக்கே சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றிப் போகிறோமே, அந்தக் கதை. ஆனால் எண்கள் கைக்கு வந்தால் எஃப்எம் என்ன, எந்த அலையையும் நாமே பிரிக்கலாமே! ஆஸ்மோகாம் குழு அதற்கென்றே ஆர்டிஎல்-எஸ்டிஆர் மென்பொருளை எழுதிவிட்டது.

இப்போது லினக்ஸ் டெர்மினல். அந்த மென்பொருளின் ஆர்டிஎல்_டெஸ்ட் கட்டளையைத் தட்டினால் ‘யூஎஸ்பி க்ளைம் இன்டர்ஃபேஸ் எரர் -6’. ஐயோ! பயப்படாதீங்க. செருகியதுமே லினக்ஸ் “அட, டிவி!” என்று பாய்ந்து டிவி டிரைவரை ஏற்றிவிட்டது. அந்த டிரைவரை எழுதியவர் யார்? அதே பாலோசாரி! ஆர்எம்மாட் கட்டளை போட்டு அவருடைய டிரைவரை இறக்கிவிட்டு, பிளாக்லிஸ்ட்டிலும் சேர்த்தால்தான் அவர் கண்டுபிடித்த வித்தை வேலை செய்யும்.

எரர் போச்சு! நொடிக்கு 24 லட்சம் சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட். ஆன்டெனாவுக்கு 73 சென்டிமீட்டர் ஒயர் போதும். 103 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம் அது. ஜிக்யூஆர்எக்ஸ் மென்பொருளின் திரையில் நீலத்துக்கு நடுவே மஞ்சளாக ஒரு தடித்த பட்டை வழிகிறது. கோவை வானவில் எஃப்எம்! ட்யூனரைத் தொட்டுப் பாருங்க, சுடுதா? சூடு ஏற ஏற 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கொஞ்சம் நகரும், பட்டையும் கூடவே நகரும். எஃப்எம்முக்கு அது பொருட்டில்லை.

ட்யூனர் பகுதி ஆர்820டி என்றால் 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை மேயலாம். நேரே 433.92 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவி, வாசலில் நிற்கும் காரின் ரிமோட்டை யாரையாவது அமுக்கச் சொல்லுங்க. பளிச்! வந்ததா கோடு? இன்னொரு தடவை அமுக்கச் சொல்லுங்க!